கூவலை முந்திய வல்லூறு

ஒரு காட்டில் ஒரு வல்லூறு இருந்தது. சும்மா இருக்கச் சொன்னால் அதற்கு உடம்புக்கு வந்துவிடும். அப்படி ஒரு பிறவி!

அந்தக் காட்டை ஒட்டிப் பெரிய ஏரி. ஏரிக்கு அக்கரையில் ஒரு மலை. மலையில் இலந்தை பழுத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, அணில்கள் ஏரியைச் சுற்றி நடந்து போகும். போய்ச் சேரும்போது கொட்டைதான் கிடக்கும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. வல்லூறுகள் மிருகங்களைக் கூடையில் சுமந்துகொண்டு, ஒலியைவிட வேகமாகப் பறந்து அக்கரையில் இறக்கிவிட்டன. ஆனால் அந்த வேகத்தில் வானத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம் எழுந்தது. குட்டிகள் மிரண்டன. கிளைகளில் இருந்த கூடுகள் கீழே விழுந்தன. அப்போதிருந்த சிங்கராஜா, "போதும், நிறுத்துங்கள்" என்று தடை போட்டுவிட்டார்.

இந்தப் பழைய செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து நம் வல்லூறுக்கு வேறு நினைப்பே இல்லை.

"அந்தப் பயணத்தை நாம் மறுபடியும் கொண்டுவர வேண்டும்" என்று தன் தங்கையிடம் சொன்னது.

"சத்தம் வருமே, அண்ணா?"

"அது அந்தக் காலத்து முரட்டுச் சிறகு. நான் சிறகை ஒட்ட மடக்கி, வழுக்கிக்கொண்டு போவேன். சத்தமே வராது, பார்!"

அண்ணனும் தங்கையும் ஆலமரத்து உச்சியில் 'முந்து பயண நிறுவனம்' என்று ஒன்றைத் தொடங்கின. தூக்கணாங்குருவிகள் மெத்தென்று ஒரு கூடை பின்னிக் கொடுத்தன. ஒத்திகை நாட்களில் வல்லூறு ஆலமரத்தில் நின்று, "வந்துவிட்டேன்!" என்று கூவிவிட்டுக் கிளம்பும். அந்தக் கூவல் மலைக்குப் போய்ச் சேருமுன் அது அங்கே போய் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

காடே வாயைப் பிளந்தது. எலிகளுக்கும் ஆசைதான். தொழிலில் இறங்கியதிலிருந்து வல்லூறு எலி தின்பதை விட்டுவிட்டது. இருந்தாலும் எலிகள், "முதலில் அணில்கள் போய்வரட்டுமே" என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டன.

ஏரிக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஓர் ஆட்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அது மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"தம்பி, நீ ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் எங்கள் தலைக்கு மேல் டமார் என்று இடிக்கிறது. தண்ணீர் குடிக்க வரும் எருமைகள் மிரண்டு ஓடுகின்றன. நேற்று ஒரு குளம்பு என் முட்டைகளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது!"

வல்லூறு சிரித்தது. "அக்கா, நீங்கள் எதற்குத்தான் கத்தவில்லை? நண்டு நகர்ந்தால் கத்துகிறீர்கள். நிலா வந்தால் கத்துகிறீர்கள். நான்தானே பறக்கிறேன்? எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையே!"

அது பொய் சொல்லவில்லை, குழந்தைகளே. உண்மையிலேயே அதற்குக் கேட்கவில்லை. ஏரிக்கரையை நெருங்கும்போதுதான் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும் என்பதால், ஆலமரத்துப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை. ஆட்காட்டி எதற்கெடுத்தாலும் கத்தும் என்பதும் காட்டுக்கே தெரியும். அதனால் அதன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனாலும் சிங்கராஜா நியாயமானவர். ஆய்வு செய்துவரக் குரங்கை அனுப்பினார். குரங்கு கூடைக்குள் வசதியாகச் சாய்ந்து, வேர்க்கடலை கொறித்துக்கொண்டே மலைக்குப் போய்த் திரும்பியது.

"சத்தமா? நான் கடலை மென்றது எனக்கே கேட்டது, அரசே. அவ்வளவு அமைதி!" என்றது.

கூடைக்குள் உட்கார்ந்து சத்தத்தைத் தேடிய ஆய்வாளரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அந்தக் காட்டில் அதுதான் நடந்தது. சிங்கராஜா அனுமதி கொடுத்துவிட்டார். மறுநாள் தொடக்க விழா என்று முடிவாயிற்று.

ஆட்காட்டி மறுபடியும் ஆலமரத்துக்கு வந்தது. இந்த முறை கத்தவே இல்லை.

"தம்பி, நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்னவோ. நாளைக்கு நானும் கூடையில் ஏறிப் பார்க்கிறேன். ஆனால் முட்டைகளைத் தனியாக விட முடியாதே. உன் தங்கை பறக்கட்டும். அதுவரை நீ கொஞ்சம் அடைகாக்கிறாயா?"

குறை சொன்ன வாயே பாராட்டப்போகிறது என்று வல்லூறுக்கு ஒரே சந்தோஷம். "அதற்கென்ன அக்கா, தாராளமாக!" என்றது.

மறுநாள் காலை, அத்தனை பெரிய வல்லூறு கூழாங்கற்களுக்கு நடுவே கூச்சத்தோடு உட்கார்ந்தது. நகம் பட்டுவிடாமல் விரல்களைச் சுருக்கிக்கொண்டது. வயிற்றின் கீழே முட்டைகள் வெதுவெதுப்பாக இருந்தன. ஒன்றின் உள்ளிருந்து 'கிச்' என்று மெல்லிய குரல்கூடக் கேட்டது.

"அட, உள்ளே இருந்தே பேசுகிறாயா? இரு இரு, உன் அம்மா இப்போது வந்துவிடுவாள்" என்றது வல்லூறு. அதன் மனம் அப்படியே இளகிப்போனது.

சற்றுத் தள்ளி எருமைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. தொடக்க விழாவின் முதல் பயணமாக, ஆட்காட்டி ஏறிய கூடையோடு தங்கை ஆலமரத்திலிருந்து கிளம்பியது. கரைக்கு மேலே ஒரு கோடுபோல் கடந்து ஏரிக்கு அப்பால் மறைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"பார்த்தாயா? நான் சொன்னேனே..." என்று முட்டையிடம் சொல்ல வாயெடுத்தது வல்லூறு.

டமார்!

கூழாங்கற்கள் துள்ளின. எருமைகள் வாலைத் தூக்கிக்கொண்டு நேராக முட்டைகளை நோக்கி ஓடிவந்தன.

பறந்து தப்பிக்க அதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். ஆனால் முட்டைகள்? வல்லூறு எழவில்லை. சிறகு இரண்டையும் விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியது.

"நில்லுங்கள்! இங்கே முட்டை இருக்கிறது! முட்டை இருக்கிறது! ஐயோ, திரும்புங்கள்!"

முன்னால் வந்த எருமை, தரையில் கிடந்து கத்தும் வல்லூறைக் கண்டு மிரண்டு ஒதுங்கியது. மற்றவையும் அதன் பின்னால் ஒதுங்கி ஓடின. புழுதி அடங்கியபோது வல்லூறின் வால் இறகு ஒன்று மிதிபட்டு ஒடிந்திருந்தது. முட்டைகள் நான்கும் பத்திரமாக இருந்தன.

கொஞ்ச நேரத்தில் தங்கை கூடையோடு திரும்பி வந்தது.

"அண்ணா, சத்தமே இல்லை! பார்த்தாயா?" என்று குதித்தது.

கூடையிலிருந்து இறங்கிய ஆட்காட்டியும், "உண்மைதான் தம்பி. மேலே ஒரு சத்தமும் இல்லை" என்றது.

வல்லூறு சிறகை மெல்ல விலக்கி முட்டைகளைக் காட்டியது.

"அக்கா, எருமை வரும் என்று தெரிந்துதானே என்னை உட்கார வைத்தீர்கள்? முட்டைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?" என்று கரகரத்த குரலில் கேட்டது.

"நீ எப்படியும் பறக்கத்தான் போகிறாய். என் கத்தல் எருமைகளுக்குப் பழகிவிட்டது. இன்று ஒருநாளாவது என்னைவிடப் பெரிய சிறகு முட்டைகளின் மேல் இருக்கட்டும் என்று நினைத்தேன். கூடைக்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றது ஆட்காட்டி.

வல்லூறு அன்று மாலையே சிங்கராஜாவிடம் போனது. "அரசே, சத்தம் இருக்கிறது. நானே கேட்டேன்" என்றது. ராஜா குரங்கைப் பார்த்தார். குரங்கு அவசர அவசரமாகத் தன் வாலில் பேன் தேடியது.

"அப்படியானால் நிறுத்திவிடலாமா?" என்று கேட்டார் ராஜா.

"வேண்டாம் அரசே. காட்டுக்கும் கரைக்கும் மேலே மெதுவாகப் போகிறோம். ஏரியின் நடுவுக்குப் போனபிறகு வேகமெடுக்கிறோம். கொஞ்சம் தாமதமாகும், ஆனாலும் இலந்தைப் பழம் தீருமுன் போய்விடலாம்."

"ஏரியில் மீன்கள் இருக்கின்றனவே?"

"நீர்நாயை அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன், அரசே. நடு ஏரியில் ஆழத்துக்குச் சத்தம் எட்டவில்லையாம்."

ராஜா சிரித்துவிட்டார். பயணம் தொடர்ந்தது. எலிகளும் தைரியமாக ஏறத் தொடங்கின.

முட்டைகள் பொரிந்து நான்கு குஞ்சுகளும் கரையில் ஓடித் திரிந்தன. ஆட்காட்டி இப்போதும் நண்டு நகர்ந்தால் கத்துகிறது, நிலா வந்தால் கத்துகிறது. அது கத்தும்போதெல்லாம், எவ்வளவு அவசரமாகப் போனாலும், வல்லூறு வேகத்தைக் குறைத்துக் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.

நீதி: நம் வேகம் எழுப்பும் சத்தம் நமக்குக் கேட்காது, கீழே இருப்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.