சூடேறும் கண்ணாடி

"மேடம், அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுடறேன். அப்படியே நானும் கிளம்பறேன்."

நாவரசு கதவைக்கூடத் தட்டவில்லை. நல்லவன்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். பேராசிரியர் ஜெசிந்தாவுக்கு எதிரே, மேசையை விட்டுத் தள்ளிக் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

லேசர் வெளியே வரும் வழியில் இருக்கும் கண்ணாடி அது. அவன் ஆராய்ச்சிப் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது.

"கம்மி பவர்ல லேசர் புள்ளி ஊசிமுனை மாதிரி நிக்குது. முழு பவர் போட்டுக் கொஞ்ச நேரத்துல கலைஞ்சு போகுது. கழட்டிப் பார்த்தா ஒரு கீறல் இல்ல, தூசி இல்ல. துரோகி!"

பேசப் பேச நாற்காலியோடு நகர்ந்து மேசை விளிம்புக்கே வந்துவிட்டான்.

"எப்போ கழட்டிப் பார்க்கறே?"

"ஆறினதுக்கு அப்புறம்தான். சூட்டோட தொட முடியுமா?"

"ஆறினா அது தங்கமான பிள்ளையாச்சே," என்று ஜெசிந்தா எழுந்தார். "வா."

ஆய்வகத்தில் அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. அதை அடுத்திருந்த லென்ஸை மட்டும், இலக்கிலிருந்து மயிரிழை பின்னுக்கு நகர்த்தினார். முழு பவரில் லேசரைப் போட்டார்.

திரையில் புள்ளி கலங்கலாகத் தெரிந்தது.

"மேடம், ஆரம்பத்துலயே கெட்டுப்போச்சு!"

"பொறுடா."

கண்ணாடியில் சூடு ஏறியது. கலங்கல் மெல்லச் சுருங்கி, ஊசிமுனையாகி, அப்படியே நின்றது.

நாவரசு திரையை நோக்கிக் குனிந்தான்.

"அது கெட்ட கண்ணாடி இல்லப்பா. சூடானா புள்ளி கொஞ்சம் முன்னால ஓடிடும். எவ்வளவு ஓடும்னு தெரிஞ்சா, அவ்வளவு பின்னால வெச்சுக்கலாம்."

விட்டு வந்த பையை எடுக்க நாவரசு அவர் அறைக்குத் திரும்பினான். கோபம் போயிருந்தது. ஆனாலும் கிளம்புகிறேன் என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜெசிந்தா உள்ளே வந்தார். மேசையை ஒட்டிக் கிடந்த நாற்காலியைப் பிடித்து, பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டார்.

"அதை ஏன் மேடம் எப்பவும் தள்ளியே போடறீங்க?"

"நீ முதல் தடவை கோபமா வந்தப்போ கிட்டத்தான் போட்டிருந்தேன். நீ மேசையத் தட்டி என் டீயைக் கவுத்துட்டே."

நாவரசு அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் நிறைந்துவிட்டது.

பையைக் கீழே வைத்தான்.

"டீ வாங்கிட்டு வரட்டுமா மேடம்?"