பூமி குடுத்த வெந்நீர்

பூமிக்கு அடியில அசுரன் அடுப்பு மூட்டுறான், அதனாலதான் வெந்நீர் ஊத்து வருதுன்னு யாராவது சொன்னா நம்பாதே கண்ணு. அது ரொம்பப் பெரிய பிழை. அசுரனுங்களுக்குப் பொதுவா சமைக்கத் தெரியாது. உன் வயித்தைத் தொட்டுப் பாரு. சூடா இருக்கா? யாரு அடுப்பு வச்சா? பூமி வயிறும் அப்படித்தான். ம் சொல்லு.

"ம்."

பனி கொட்டுற ஒரு மலையில ஒரு ஊரு, அந்த ஊர்ல பூவாத்தான்னு ஒருத்தி கொல்லுப்பட்டறை வச்சிருந்தா. அவளுக்கு ஏழாம் மாசமே குழந்தை பிறந்துடுச்சு. அணில் குஞ்சு மாதிரி இத்தனூண்டு. ஊர்ல விறகு தீர்ந்துபோச்சு. குழந்தைக்குக் கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆகுது.

அப்போ பூவாத்தா, ஊரு ஓரத்துல இருந்த வெந்நீர் ஊத்துப் பக்கத்துல இரும்புக் குழாயை இறக்கினா. ணங், ணங், ணங். முதல் துளையில வெறும் சேறு. ரெண்டாவதுல பாறை, குழாயே வளைஞ்சுபோச்சு. மூணாவதுல குடுகுடுகுடுன்னு ஒரு சத்தம். அப்புறம் புஸ்ஸ்ஸ்ஸ். வானத்துக்கும் பூமிக்கும் வெள்ளைத் தூண் நட்ட மாதிரி ஆவி. ஊரே ஓடி வந்துடுச்சு.

பூவாத்தா செஞ்சு வச்ச சக்கரத்தை அந்த ஆவி விர்ர்ருன்னு சுத்த, மின்சாரம் வந்து சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் விளக்கு எரிஞ்சுச்சு. வெந்நீர் வீட்டுக்கு வீடு தரைக்கு அடியில ஓடுச்சு. குழந்தை கண்ணைத் திறந்துச்சு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா, ஆவி இளைச்சுப்போச்சு. விளக்கு மினுக் மினுக். தரை சில்லிட்டு, குழந்தை மறுபடி நடுங்குது. அப்போ பக்கத்து வீட்டு ராக்காயி, கஞ்சி வாங்கிட்டுப் போன சட்டியைத் திருப்பிக் குடுக்க வந்தா. உள்ளே நாலு வெங்காயம்.

"இது எதுக்குடி?"

"வாங்கின சட்டியை வெறுஞ்சட்டியாவா குடுப்பாங்க? உனக்குக் கூச்சமில்லைன்னா எனக்குமா இல்லை?"

பூவாத்தாவுக்குச் சுருக்குன்னுச்சு. "அடி ராக்காயி, பூமிகிட்ட வாங்கின தண்ணியை ஆறினதும் ஆத்துலல்ல விட்டுக்கிட்டிருக்கோம். ஒரு சொட்டாவது திருப்பிக் குடுத்தோமா?"

உடனே தள்ளிப்போய் இன்னொரு துளை போட்டு, ஆறின தண்ணி அத்தனையும் உள்ளே இறக்கினா. குளக், குளக், குளக். பூமி குடிச்சுச்சு. ஊரே தரையில காதை வச்சுப் படுத்திருந்துச்சு. சத்தமே இல்லை. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அடியில, அடிக்கும் அடியில, குடுகுடுகுடு.

புஸ்ஸ்ஸ்ஸ்.

கதை வெந்தாச்சு, கண்ணை மூடு.

"குழந்தை?"

வீடு சூடாயிடுச்சில்ல, போர்வையை எட்டி உதைச்சுக் கீழே தள்ளிடுச்சு.