நூத்திப்பன்னெண்டாம் பக்கம்

அருப்புக்கோட்டையில ஒரு சைக்கிள் கடைக்கு மேல, மாடியில, கம்ப்யூட்டர் கிளப் ஒண்ணு நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை மட்டும்தான், பத்து மணியிலேர்ந்து ஒரு மணி வரைக்கும். அங்க ரெண்டு பீரோ நெறைய புத்தகம். அதப் பாத்துக்கிற லைப்ரேரியன் பேரு அப்பாஸ், வயசு இருபத்திநாலு. வார நாள்ல கடை கடையாப் போய் எடை மெஷின் ரிப்பேர் பாக்குறவன்.

அவன்கிட்ட லைப்ரரி வேலை கத்துக்க வந்தவ சண்முகவடிவு. வயசு நாப்பத்தொண்ணு. மெடிக்கல் ஷாப்புல வேலை. தபால் வழியில கம்ப்யூட்டர் டிகிரி, கடைசி வருசம். சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு கோவத்தோட வந்த ஆள அந்தக் கிளப்பு அதுக்கு முன்ன பாத்ததில்ல.

மொத நாளே ஒரு புத்தகத்தத் தூக்கி அவன் முன்னால போட்டா.

"என்ன வாத்தியாரே இது? புத்தகமா, பஸ் ஸ்டாண்டு சுவரா? பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல்!"

"ஆமாக்கா."

"ஆமாக்காவா? கிறுக்குறவன் கைய ஒடிக்க வேணாமா?"

"நீங்க என்ன பண்ணலாங்கிறீங்க?"

"அழிக்கணும். எல்லாத்தையும். எங்க கடையில மருந்து அட்டையில ஒரு கோடு கூடுதலா இருந்தாலும் நான் விக்க மாட்டேன்."

"படிச்சுப் பாத்துட்டு அழிங்க."

"கண்டவன் கிறுக்குனதப் படிக்கவா ஞாயித்துக்கிழமை வீட்டுல உலை வைக்காம வந்திருக்கேன்?"

அப்பாஸ் தன் வேலையப் பாக்கத் திரும்பிட்டான்.

மூணு ஞாயிறு உக்காந்து அழிச்சா. ஒரு வரியக்கூடப் படிக்கல. படிச்சா இன்னும் கோவம் வரும்னு பயம். ரப்பர் தூள் மேசை மேல குமிஞ்சு கெடந்துச்சு.

"அக்கா, மூணு ரப்பர் தேஞ்சு போச்சு. வாய் மட்டும் தேய மாட்டேங்குதே!"ன்னு கிளப்புப் பையன் ஒருத்தன் சிரிச்சான்.

"உன் நாக்க நீட்டு. அதையும் அழிச்சு விடுறேன்"னா. அவன் சிரிப்பு அடங்கிப் போச்சு.

மூணாவது ஞாயிறு கிளப்பு மூடுற நேரத்துல புத்தகமெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. அதுல ஒண்ண அவளே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா.

அடுத்த ஞாயிறு, மணி பதினொண்ணரை. படியில செருப்பு சத்தம் கேட்டப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, இன்னைக்கு யாருக்கோ நேரம் சரியில்லன்னு.

உள்ள வந்தவ புத்தகத்த அப்பாஸ் மேசையில அறைஞ்சா.

"இந்தச் சனியன பீரோவுல வச்சது யாரு?"

"நான்தான். என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆச்சா? என் ப்ராஜெக்ட் போச்சு!"

நாலு மாசமா அவ செஞ்ச ப்ராஜெக்ட் அது. அவசரத்துக்கு ரத்தம் வேணும்னா, எந்தத் தெருவுல எந்த வீட்டுல எந்த குரூப் ஆளு இருக்குன்னு காட்டுற சாஃப்ட்வேர். கடை மூடுனதுக்கப்புறம் வீடு வீடாப் போய் நானூத்திப்பன்னெண்டு பேரோட பேரும் நம்பரும் வாங்கியிருந்தா. ஒரு வீட்டுல நாய் கூட கடிச்சிருக்கு. புதன்கிழமை காலேஜுல ஒப்படைக்கணும். இல்லன்னா இன்னொரு வருசம்.

"லேப்டாப் கொஞ்ச நாளா கரகரன்னு சத்தம் போட்டுச்சு. எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்குவோம்னு புது டிஸ்க்கு வாங்கினேன். இந்தப் புத்தகத்துல நூத்திப்பன்னெண்டாம் பக்கம் பாத்து, ஒரு எழுத்து விடாம அப்படியே அடிச்சேன். என் டிஸ்க்கு காலி! புதுசுல இருந்த வெறுமைய எடுத்து என் வேலை மேல ஊத்தியிருக்கு. எங்கேர்ந்து எடுக்கணும்ங்கிற எடத்துல, எங்க போடணும்ங்கிறத அச்சடிச்சு வச்சிருக்கான் பாவி!"

"பேரெல்லாம் எழுதின பேப்பர் இருக்குமே?"

"டைப் அடிச்சதும் கிழிச்சுப் போட்டேன்."

"ஏங்கா?"

"வீட்டுல குப்பை சேந்தா எனக்குப் பிடிக்காது!"

அப்பாஸ் புத்தகத்த எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்டப் போனான். அந்தப் பக்கத்த வெயிலுக்குச் சாய்ச்சுப் பிடிச்சான்.

"இங்க வாங்க."

"எதுக்கு?"

"வாங்கக்கா. இந்த ஓரத்துல வெரல வைங்க."

வெறும் வெள்ளை ஓரம். ஆனா வெரல் வச்சா மேடும் பள்ளமுமா தட்டுப்பட்டுச்சு. அழுத்தி எழுதின பென்சில். எழுத்து போயிருந்தாலும் அழுத்தம் போகல. வெயில் பக்கவாட்டுல விழுந்ததும் ஒவ்வொரு எழுத்தா எந்திரிச்சு வந்துச்சு. அவ கண்ண இடுக்கிப் படிச்சா.

'தப்பு. ரெண்டையும் எடம் மாத்திப் போடுங்க.'

அதுக்குக் கீழ வேற ஒரு கையெழுத்து. 'ஆமா. என் டிஸ்க்கு போச்சு.'

அதுக்கும் கீழ, சின்னதா, இன்னொருத்தர். 'நல்லவேளை, பாத்தேன். நன்றி.'

கிளப்புல இருந்தவங்க அவ அழப் போறான்னு நெனச்சாங்க. அவ அழல. திரும்பி அவன் மேலயே பாஞ்சா.

"மூணு வாரமா நான் அழிக்கிறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்தேன்."

"வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"ஒரு தடவ சொன்னேன். நீங்க கேக்கல. ரெண்டாந்தடவ சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு."

அவன் இல்லன்னு மறுப்பான், வச்சு வாங்கலாம்னு வந்தவ. அவன் இப்படிச் சட்டுனு ஒத்துக்கிட்டது அவளுக்கு இன்னும் எரிச்சலாயிருச்சு.

"அச்சடிச்சவன்?"

"அவன் மேலயும் தப்பு."

"என் மேல?"

"உங்க மேலயும் இருக்கு."

"எவ்வளவு? யாரு மேல அதிகம்? அதச் சொல்லுங்க மொதல்ல!"

"நான் மெஷின் ரிப்பேர் பாக்குறவன்க்கா. எடை போடுறவன் இல்ல."

"பேசத் தெரியுது நல்லா! இப்ப என் நானூத்திப்பன்னெண்டு பேரு?"

"போச்சு."

அவ நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தா. மூச்சு வாங்குச்சு. அப்பாஸ் கடிகாரத்தப் பாத்தான்.

"பன்னெண்டு மணிக்கு ஜோதிமணி டீச்சர் வருவாங்க. இந்தப் புத்தகம் வேணும்னு போன வாரமே பேரு எழுதி வச்சுட்டுப் போனாங்க."

"குடுக்காதீங்க!"

"அவங்க ஸ்கூல் கம்ப்யூட்டர்ல இருக்கிறதெல்லாம் காப்பி எடுக்கணுமாம்."

"அதான் சொல்றேன், குடுக்காதீங்க! கிழிச்சுக் குப்பையில போடுங்க!"

"மீதி முன்னூறு பக்கம் சரியாத்தான் இருக்கு. அத யாரு சொல்லிக் குடுப்பா?"

அவ பீரோவப் பாத்தா. உள்ள அவ அழிச்ச அத்தன புத்தகமும் சுத்தமா நின்னுச்சு. எத்தன பக்கத்துல என்னென்ன போச்சோ, அவளுக்கே தெரியாது.

கீழ சைக்கிள் கடையில ஜோதிமணி டீச்சர் யார்கிட்டயோ சௌக்கியம் விசாரிக்கிற குரல் கேட்டுச்சு.

சண்முகவடிவு அவசரமா புத்தகத்தத் தன் பக்கம் இழுத்து நூத்திப்பன்னெண்டாம் பக்கத்தத் திருப்பினா. கைப்பையிலேர்ந்து நீலப் பேனாவ எடுத்தா. எழுதப் போற நேரத்துல அப்பாஸ் ஒரு பென்சில நீட்டினான்.

"பென்சில் எதுக்கு? என்னை மாதிரி திமிர் புடிச்ச இன்னொருத்தி வந்து அழிக்கவா? பேனாவுலதான் எழுதுவேன். எவளும் தொடக் கூடாது!"

"வேணாம்க்கா."

"ஏன் வேணாம்? இவ்வளவு பட்டதுக்கப்புறமும் ஏன் வேணாங்கிறீங்க?"

படியில செருப்பு சத்தம் ஏறி வந்துக்கிட்டிருந்துச்சு. அப்பாஸ் அவ கையிலேர்ந்து பேனாவ மெதுவா வாங்கினான்.

"நீங்க எழுதுறதும் தப்பா இருந்தா, அடுத்து வர்றவங்க அத எப்படிக்கா அழிப்பாங்க?"