புள்ளிராயரின் குகைக் காட்சி

ஒரு காட்டில், குழந்தைகளே, சாப்பாட்டைவிடப் புகழை அதிகம் விரும்பிய ஒரு சிறுத்தை இருந்தது. புள்ளிராயர் என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டது. நாமும் மரியாதையாகவே பேசிவிடுவோம்.

"எத்தனை மான்களை வேட்டையாடினேன்! தின்று முடித்தால் எலும்புதான் மிஞ்சுகிறது. என் வீரத்துக்குச் சாட்சி எங்கே?" என்று புள்ளிராயர் புலம்பினார்.

அதைக் கேட்டு ஒரு நரி வந்தது. வேட்டைக்காரர்களின் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு வாரம் ஒளிந்திருந்து, அவர்கள் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நரி அது.

"ஐயா, மனிதர்கள் மானின் தோலைப் பாடம் செய்து, உள்ளே புல் அடைத்து, உயிரோடு நிற்பதுபோல் வீட்டில் நிறுத்துகிறார்கள். பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள்."

"எனக்கும் அப்படி வேண்டும்! என்ன செய்ய வேண்டும்?"

"கழுத்தைக் கடிக்கக் கூடாது, தோல் கிழியும். முன்காலால் ஓங்கி ஒரே அறை அறைந்து சாய்க்க வேண்டும். தரையில் இழுக்கக் கூடாது, முடி உதிரும். ரத்தத்தைக் கழுவி, நிழலில் வைத்துத் தோலை உரித்து, மான்கள் நக்குமே அந்த உவர்மண்ணைத் தேய்க்க வேண்டும்."

"இறைச்சி?"

நரி முகத்தைச் சுளித்தது. "அதுதான் ஐயா முதல் எதிரி! ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் தோல் அழுகிவிடும். அந்த அசிங்கமான வேலை என்னோடு போகட்டும். தங்கள் திருவாய் அதில் படவே வேண்டாம்."

அடடா, என்ன தியாகம்!

அன்றிலிருந்து புள்ளிராயர் வேட்டையாடினார், நரி சுத்தம் செய்தது. எலும்பில் ஒரு நார்கூட விடாத சுத்தம். காய்ந்த புல் அடைத்த மான்கள் குகையில் வரிசையாக நின்றன. நரிக்குத் தொந்தி விழுந்தது. புள்ளிராயருக்கு விலா எலும்பு தெரிந்தது.

பசி தாங்காமல் ஒருநாள் ஆற்றங்கரைக்குப் போய், நீர்நாயிடம் மீன் கேட்டார். அதுவும் பெரிதாக ஒன்று பிடித்துத் தந்தது. புள்ளிராயர் வாயைத் திறந்ததுதான் தாமதம், நரி ஓடி வந்தது.

"ஐயோ, செதில் உதிராத மீன்! நிறம் மங்குவதற்குள் ஈர இலையில் சுற்றுங்கள்! மானுக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன அழகு!"

புள்ளிராயர் வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணே, மீன் தின்பதற்குத்தானே?" என்றது நீர்நாய்.

"உனக்குக் கலை தெரியாது!" என்றார் புள்ளிராயர்.

நீர்நாய் இன்னொரு மீனைப் பிடித்து, கலை தெரியாமலே தின்றது.

சில நாளில் புள்ளிராயரால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. காட்டிலிருந்த எல்லோரும் குகைக்கு வந்து வாயைப் பிளந்தார்கள். அவருக்குப் பெருமையில் கண் கலங்கியது. பசியிலும்தான், பாவம்.

"நரியாரே, இனி ஒரு குறையும் இல்லையே?" என்று மெல்லக் கேட்டார்.

நரி குகையைச் சுற்றிப் பார்த்தது. "வாசலில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, ஐயா. அங்கே ஒரு சிறுத்தை நின்றால் எடுப்பாக இருக்கும். தாங்கள் புரளாமல் படுத்திருங்கள், தோல் கசங்கிவிடப் போகிறது."

உவர்மண்ணை அது காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்தது.

நீதி: பிறர் வாய் பிளக்கத் தன் வாயைக் கட்டுகிறவன், முடிவில் தானே காட்சிப் பொருளாவான்.