தாயின் பெயர் எழுதும் இடம்

"சிஸ்டர், ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை அம்மாதான் ஏந்தணுமா?"

சுகிர்தா கேட்டாள். தோளில் நாலு மாதப் பெண் குழந்தை.

எப்சிபா அந்தச் சபையின் ஊழியக்காரி. சுகிர்தாவை விட இரண்டு வயது இளையவள். ஞானஸ்நான விவரம் எழுதும் தாளை மேஜையில் வைத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம சபை வழக்கம் அதுதானேக்கா. போதகர் ஐயர் பிள்ளை பேரைக் கேப்பார். பெத்தவ ஏந்திட்டு நின்னு மைக்குல சொல்லணும்."

"எங்க நாத்தனார் பியூலா ஏந்தட்டும் சிஸ்டர். அவங்க காலேஜ் படிச்சவங்க."

"இது யார் யோசனை?"

"அத்தை சொன்னாங்க. அஞ்சாங்கிளாஸ் படிச்சவ மைக்குல என்னத்த உளறப்போறா, மானம் போயிரும்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

எப்சிபா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஏன்?"

"தாழ்மையா இருக்கணும்னு பிரசங்கத்துல சொல்றாங்கல்ல. அதோட, அத்தை சொன்னது நிஜந்தானே. ஜெபத்துலயும் நான் அதத்தான் சொல்லுவேன். ஆண்டவரே, நான் ஒண்ணுக்கும் உதவாத புழுன்னு."

"தினமுமா?"

"காலையில ஒரு தடவை. படுக்கும்போது ஒரு தடவை."

எப்சிபா பென்சிலை எடுத்து எழுதினாள். தாளைத் திருப்பி சுகிர்தா பக்கம் தள்ளினாள்.

"சரியா இருக்கா, பாருங்கக்கா."

சுகிர்தா எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

தாயின் பெயர்: ஒன்றுக்கும் உதவாத புழு.

தலையை ஆட்டினாள். அது அவளுக்குப் பழகின வார்த்தை.

அடுத்த வரிக்கு வந்தாள்.

பிள்ளையின் பெயர்: ஒன்றுக்கும் உதவாத புழு.

மறுபடியும் வாசித்தாள். விருட்டென்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்ன எழுதி வச்சிருக்கீங்க?"

"தப்பா? புழு வயித்துல வேற என்னக்கா பிறக்கும்?"

"அழிங்க அதை!"

"நீங்க சொன்னதைத்தானே..."

"என்னையச் சொன்னேன்! என் பிள்ளையச் சொன்னேனா? அவ முகத்தைப் பார்த்தீங்களா? இந்த விரலைப் பார்த்தீங்களா? பத்து மாசம் சுமந்தவ நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன். என் முன்னாலயே என் பிள்ளையப் புழுங்கறதுக்கு நீங்க யாரு?"

அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது.

எப்சிபாவும் எழுந்தாள். அவள் முகமும் சிவந்திருந்தது.

"உங்க பிள்ளைய ஒரே ஒரு தடவை சொன்னேன். அதுக்கு இந்தக் கோபம். நியாயமான கோபம். நீங்க ஆண்டவர் பிள்ளையச் சொல்றீங்களே. காலையில ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை. அதுவும் அவர் முகத்துக்கு நேரா!"

சுகிர்தா குழந்தையைத் தோளில் சாய்த்தாள்.

முதுகைத் தட்டிக்கொண்டே நின்றாள். அழுகை விக்கலாகி, விக்கலும் அடங்கியது.

பிறகு ரப்பரை எடுத்தாள். பிள்ளையின் வரியை அழித்தாள். அப்புறம் மேலே இருந்த வரி. அதை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் தாள் கிழிந்துவிட்டது.

"வேற தாள் இருக்கா?"

எப்சிபா எடுத்துக் கொடுத்தாள். பென்சிலைக் கையில் பிடித்தாள்.

"நீங்க எழுத வேண்டாம்," என்றாள் சுகிர்தா.

பென்சிலை வாங்கினாள். பிள்ளையின் பெயர்: அக்சாள். தாயின் பெயர்: சுகிர்தா.

ஏந்தி வருபவர் என்று ஒரு இடம் இருந்தது. அதிலும் சுகிர்தா என்றே எழுதினாள்.

எழுத்து கோணலாகத்தான் வந்தது.

அழிக்கவில்லை.