ரோஸ் நிறத்தில் ஒரு வாசல்

தென்காசிக்கு மேற்கே, மலை இறங்கி வந்து வயலைத் தொடுகிற இடத்தில் ஒரு சிறிய மடம். அதில் இருந்த சாமிக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவரிடம் உபதேசம் வாங்கிய சண்முகவடிவு அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் அவரைச் சாமி என்பாள். அவர் அவளை அக்கா என்பார்.

வெள்ளிக்கிழமைகளில் சாமியிடம் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பிறவி பற்றிக் கேட்பார்கள், மரணம் பற்றிக் கேட்பார்கள். சண்முகவடிவு எதுவும் கேட்டதில்லை. ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமையில்தான் முதன்முதலாக வாய் திறந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கக்கா."

"வருசம் முழுக்க ரோஸ் கலர்ல பூக்கிற செடி எது?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாமி சிரிக்கவில்லை.

"யாரு பாக்கிறதுக்கு?" என்று கேட்டார்.

அவள், எல்லோரும் எழுந்து போன பிறகுதான் சொன்னாள்.

அவள் கணவன் ஆவுடையப்பன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவான். எந்த மாதம் என்பது கம்பெனி கையில். கல்யாணமாகி இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. சேர்ந்து இருந்த நாளையெல்லாம் கூட்டினால் இரண்டு வருசம் தேறாது. ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு தடவையும், "இன்னும் ஒரு தடவை மட்டும் போயிட்டு வந்துருதேன் வடிவு" என்பான்.

"போன தடவை கெளம்பும்போது கேட் பக்கத்துல நின்னு சொன்னாரு சாமி. அங்க எங்க பாத்தாலும் மண்ணு கலராம். பாறை, ரோடு, வீடு எல்லாம் மண்ணு கலராம். 'நம்ம வாசல்ல ரோஸ் கலர்ல பூவா பூத்துக் கிடந்தா, விட்டுட்டுப் போக மனசு வருமா'ன்னாரு."

"வெளையாட்டாவா சொன்னாரு?"

"வெளையாட்டாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் வெளையாட்டா எடுத்துக்கிடத் தெரியல."

அதற்குப் பிறகு அவள் வாசலில் பன்னீர் ரோஜா வைத்தாள். மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டு மற்ற மாதங்களில் முள்ளாக நின்றது. காகிதப்பூ வைத்தாள். வெயிலுக்குச் சிரித்தது, மழைக்கு வெறும் இலையாகிவிட்டது. அடுக்கு அரளி வைத்தாள். ஆடு தின்றால் செத்துப்போகும் என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். அதையும் பிடுங்கிப் போட்டாயிற்று.

"எந்த மாசம் வருவாருன்னு தெரியாது சாமி. வாற அன்னைக்குப் பூ இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

சாமி எழுந்து மடத்துக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது அவர் துண்டு நிறைய, சின்ன வெங்காயம் போல, மண்ணோடு கிழங்குகள் இருந்தன.

"மழை லில்லி. ரோஸ் கலர்தான்."

"வருசம் முழுக்கப் பூக்குமா?"

"வருசம் முழுக்க இருக்கும்."

தான் கேட்டதற்கு இது பதில் இல்லையே என்று அவளுக்குப் பட்டது. ஆனால் குரு கையால் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள்.

கேட்டிலிருந்து வாசற்படிவரை, நடைபாதைக்கு இரண்டு பக்கமும் நட்டாள். புல் போல மெல்லிய இலைகள் வந்தன. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள்.

"ஒரு மொட்டுக்கூடக் காணலியே சாமி?"

"குழாய்த் தண்ணிக்கு அது ஏமாறாதுக்கா."

சித்திரையில் ஆவுடையப்பனுக்கு லீவு கிடைத்தது. கத்தரி வெயிலில் பெட்டியோடு வந்து இறங்கியவன் கேட்டைத் திறந்துகொண்டு அப்படியே நின்றான்.

"என்ன வடிவு, வெங்காயம் போட்டிருக்கியா?"

அவளுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

"பூச்செடி."

"பூ எங்க?"

"உள்ள இருக்கு."

"என்ன கலரு?"

"ரோஸ்."

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாடிக் கிடந்த இலைகளை விலக்கிப் பார்த்தான். "எப்ப பூக்கும்?" என்று கேட்டான்.

"மழை வந்தா."

மற்ற லீவுகளில் அவனை வீட்டில் பிடிக்க முடியாது. சொந்தக்காரர் வீடு, கூட்டாளிகள், குற்றாலம் என்று சுற்றிவிட்டுச் சாப்பிட மட்டும் வருவான். இந்தத் தடவை வெயில் தாழ்ந்ததும் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டுக்கொண்டான். அவள் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் படியில் உட்காருவாள். இரண்டு பேரும் மண்ணைப் பார்ப்பார்கள். பிறகு மலையைப் பார்ப்பார்கள்.

"வடிவு, ஓடியா. கருக்குது பாரு."

கருக்கும். காற்று திரும்பும். மேகம் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

"போச்சு. கேரளாக்காரன் கூட்டிட்டுப் போயிட்டான்" என்பான். இருவரும் சிரிப்பார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருசத்தில் சொல்லாததையெல்லாம் அவன் சொன்னான். மஸ்கட்டில் ஓர் அறையில் எட்டுப் பேர். அடுக்குக் கட்டிலில் அவனுக்கு மேல்தட்டு. யாரோ ஒருவன் டம்ளரில் புதினாக் குச்சி ஒன்றை நட்டு வைத்தானாம். வேலை விட்டு வந்ததும் எட்டுப் பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டுத்தான் கை கால் கழுவப் போவார்களாம்.

அவளும் சொன்னாள். "நீங்க போன அன்னைக்கு நான் ரெண்டு பேருக்குச் சோறு வடிச்சிருவேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் ஆகுது."

அவன் நாற்காலியை விட்டு இறங்கி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான்.

லீவு முடிந்தது. ஃபோனில் கெஞ்சி இன்னும் நாலு நாள் வாங்கினான். அந்த நாலு நாளும் வானம் துடைத்துவிட்டது போல் கிடந்தது. கிளம்புகிற அன்று நடைபாதையில் இலைமேல் கால் படாமல் நடுவில் பார்த்து நடந்து போனான். கேட் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை விளையாட்டாக எதுவும் சொல்லவில்லை. கார் புறப்பட்டுவிட்டது.

அவன் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. மலைமேல் இடி உருண்டது. சாரல் இறங்கியது. மூன்றாம் நாள் காலையில் சண்முகவடிவு கதவைத் திறந்தாள். வாசல் முழுக்க ரோஸ் நிறம். கேட்வரைக்கும் ரோஸ் நிறம். ஈரக் காற்றில் அத்தனையும் ஒன்றாகத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

உள்ளே ஓடி ஃபோனை எடுத்து வந்தாள்.

வீடியோ காலில் கூப்பிட்டாள். அவன் ஏதோ ஒரு மொட்டை மாடியில், வெயிலில் நின்றிருந்தான். அவள் ஃபோனைப் பூக்கள் பக்கம் திருப்பினாள்.

"தெரியுதா?"

"ம்."

"என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?"

"வச்சிராத வடிவு. அப்படியே காட்டிக்கிட்டே இரு."

கை வலிக்கிறவரை காட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கேட்டான். "அடுத்தாப்ல எப்ப பூக்கும்?"

"மழை வந்தா."

அங்கே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரை இருண்டது.

அவள் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. குடையைக்கூட எடுக்காமல் சாரலில் நனைந்தபடி மடத்துக்கு வந்தாள்.

"ஆளு போன பெறகு பூத்திருக்கு சாமி."

சாமி அவளுக்குத் தலை துவட்டத் துண்டு கொடுத்தார்.

"ஒரு வாரம் முன்னால பூத்திருந்தா அவரு போயிருக்க மாட்டாரு. நீங்க குடுத்தீங்கன்னுதான் நட்டேன். எனக்கு அது வேண்டாம். வேற செடி குடுங்க. எப்பவும் பூத்துக்கிட்டே இருக்கிற செடி. அப்படி ஒண்ணு இல்லேன்னு மட்டும் சொல்லாதீங்க."

"இருக்கு" என்றார் சாமி.

அவளை வாய்க்காலுக்குப் போகிற பாதைக்கு அழைத்துப் போனார். பாதை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு நித்தியகல்யாணி நின்றது. ஐந்து இதழ், ரோஸ் நிறம். நனைந்த இலைகளுக்கு நடுவே நிறையப் பூ.

"வெயில், மழை, பனி எதுக்கும் பூக்கிறத நிறுத்தாது. இது பூ இல்லாம இருந்த நாளே கெடையாது. கன்னு பிடுங்கித் தாறேன், கொண்டு போங்கக்கா."

குனிந்து ஒரு கன்றை வேரோடு எடுத்தார். அவளிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை. அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ வருசமாக அவளும் அந்த வழியாகத்தான் வாய்க்காலுக்குக் குடம் எடுத்துக்கொண்டு போய் வருகிறாள்.

"இது எப்ப வச்சது சாமி?"

"நான் இந்த மடத்துக்கு வாறதுக்கு முன்னாலயே நிக்குது."

அவள் முகத்தில் வழிந்த நீரைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க என்னைக்காவது இத நின்னு பாத்திருக்கீங்களா?"

சாமி கையில் இருந்த கன்றைப் பார்த்தார்.

"இதத் தாண்டித்தான் தெனமும் குளிக்கப் போறேன். இன்னைக்கு நீங்க கேட்டதுனாலதான் பாக்கேன், அக்கா."