வாய் திறக்காத வரி

மலையடிவார மடத்தில் அணையா விளக்கு ஒன்று உண்டு. அதற்கு அடுத்தபடியாக அணையாதிருந்தது மடத்து ஆஸ்பத்திரியின் கணினி. அதைப் பார்த்துக்கொண்டவர் அறிவுச்செல்வி அம்மையார். முப்பது வயது கூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்க வந்த பரஞ்சோதிக்கோ காதோரம் நரைத்துவிட்டது.

நோயாளிகளின் விவரங்கள் பழைய அட்டவணையிலிருந்து புதிய அட்டவணைக்கு மாறியிருந்தன. பெயர், வயது, யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பது வரை. இனி டாக்டர்கள் பார்ப்பது புதியதைத்தான். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என்று பரஞ்சோதி சொல்லிவிட்டால் பழையதை அழித்துவிடலாம்.

சமையல்கார முத்திருளன் நொண்டிக்கொண்டே சுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். ஆணி குத்திய காலில் சீழ் பிடித்திருந்தது.

"இப்ப ஊசிக்குக் கூப்பிட்டிருக்காங்க சாமி. ஊசின்னாலே எனக்குப் பயம்."

"நூறு பேருக்குச் சோறு வடிக்கிற ஆளு, ஒரு ஊசிக்கா பயப்படுறீங்க அண்ணாச்சி?" என்று சிரித்தார் பரஞ்சோதி.

"சிரிங்க, சிரிங்க. போன தடவ போட்டதும் மூச்சு முட்டி விழுந்துட்டேன். முழிச்சப்ப டாக்டரம்மா என்னமோ சொன்னாங்க, எழுதிக்கிட்டாங்க. எனக்கு எங்க காதுல விழுந்துச்சு? ஊரே பயந்தாங்கொள்ளின்னு சிரிச்சதுதான் விழுந்துச்சு."

சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போனார்.

பரஞ்சோதி அம்மையாரிடம் திரும்பினார்.

"ஒப்பிட்டாயிற்று அம்மா. வேறுபாடே இல்லை. பழையதை அழித்துவிடலாமா?"

"கணினியிடம் என்ன கேட்டீர்கள்?"

"அட்டவணைகளைக் கேள்வி கேட்கும் எஸ்.க்யூ.எல். மொழியில் கேட்டேன். ஒரே நோயாளியின் பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வை. இதுவும் அதுவும் வேறு என்றால் மட்டும் எனக்குக் காட்டு என்றேன்."

"என்ன சொன்னது?"

"ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வரி கூட வரவில்லை. அப்படியென்றால் எல்லாம் ஒன்றுதானே?"

அம்மையார் காபித் தட்டிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இடது கையை மூடி நீட்டினார்.

"இதில் என்ன?"

"கருப்பட்டி."

"இதில்?"

"மூடியிருக்கிறதே அம்மா. எப்படித் தெரியும்?"

"இரண்டு கையிலும் இருப்பது வேறு வேறு என்றால் மட்டும் வாய் திறங்கள்."

பரஞ்சோதி வலது கையைப் பார்த்தார். இடது கையைப் பார்த்தார். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ஏன் பேசவில்லை?"

"உள்ளே என்னவென்றே தெரியாமல், வேறு என்று எப்படிச் சொல்ல?"

"சரி. இரண்டும் ஒன்று என்று பரஞ்சோதி சொல்லிவிட்டார். அப்படியே வைத்துக்கொள்கிறேன்."

"ஐயையோ! நான் எப்போது அம்மா அப்படிச் சொன்னேன்?"

"கணினியும் சொல்லவில்லை."

காலிக் கட்டமும் கணினிக்கு மூடிய கைதான்; எதனோடு ஒப்பிட்டாலும் அது 'வேறு' என்று சொல்லாது என்பது பரஞ்சோதிக்கு உறைத்தது. விசைப்பலகையை இழுத்துக் கேள்வியைத் திருத்தினார். ஒரு பக்கம் ஏதோ இருந்து, மறுபக்கம் காலியாக இருந்தால், அதையும் காட்டு.

ஒரே ஒரு வரி வந்தது.

பழையதில்: பென்சிலின் ஆகாது. புதியதில் அந்தக் கட்டம் காலி. பெயர், முத்திருளன்.

பரஞ்சோதி செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு முற்றத்தைக் கடந்து, படியில் தடுக்கி, எழுந்து ஓடினார். ஊசி அறையில் முத்திருளன் சட்டையைத் தூக்கிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். நர்ஸ் ஊசியை வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தும்மா! அவருக்குப் பென்சிலின் ஆகாது!"

முத்திருளன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"என்ன சாமி, எனக்குப் பதிலா நீங்க போட்டுக்கிறீங்களா?"

பரஞ்சோதியால் சிரிக்க முடியவில்லை. சமையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வந்து வேறு மருந்து எழுதிக் கொடுத்த பிறகே கையை விட்டார்.

அவர் திரும்பி வந்தபோது அம்மையார் அதே இடத்தில் இருந்தார். கருப்பட்டி தட்டுக்குப் போயிருந்தது. இடது கை இன்னும் மூடியே இருந்தது.

பரஞ்சோதி அந்தக் கைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா, அதற்குள் என்ன இருக்கிறது?"

"இப்போதுதான் கேட்கிறீர்கள்," என்றார் அம்மையார்.